இறங்காத கோடு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பதினேழுக்குப் பதினோராவது பெயரும் சிவப்பானது.

ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மதுரையில் அந்த மையத்தின் கண்காணிப்பு அறையில் அவள் மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். திரையில் எண்ணூற்றுச் சொச்சம் பெண்களின் பெயர்கள் பச்சையாகக் கிடக்கும். மாதத்துக்கு ஒன்று சிவந்தால் அதிகம். இன்று அரைமணி நேரத்துக்குள் பதினொன்று. அத்தனையும் ஒரே ஊர், சேந்தன்பட்டி.

டாக்டர் வைதேகி இட்லி டப்பாவைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

“எங்க காட்டு.”

ஜெசிந்தா காட்டினாள். பதினொரு கோடுகள். ஐந்து நாளுக்கு முன்னால் ஒரே நாளில் ஏறி, ஏறின இடத்திலேயே படுத்துக் கிடந்தன.

அந்தப் பெண்கள் எல்லாரும் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். உடம்பின் பெண் ஹார்மோனைத் தின்று வளரும் வகைப் புற்று. அது திரும்பி வராமலிருக்க ஐந்து வருடம், பத்து வருடம் தினமும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். மூட்டு வலிக்கும். உடம்பு திகுதிகுவென்று எரியும். பலருக்கு மாதவிலக்கு நின்றுபோகும். வைதேகி அந்த மாத்திரைக்குப் பதிலாக நெல்லைக் கொண்டுவந்தார். மேல்கையில் தோலுக்கடியில் வைக்கும், நெல்மணி அளவே ஆன கருவி. அது மணிக்கொரு தடவை ஹார்மோனை அளக்கும். ஏறினால் மட்டும், ஏறின அளவுக்கு மட்டும் மருந்தைக் கசியவிடும். அப்படியும் அளவைத் தாண்டி ஐந்து நாள் இறங்காமல் நின்றால் திரையில் பெயர் சிவக்கும். பெண்களுக்கு மூட்டு வலி போனது. தூக்கம் வந்தது. மாதவிலக்கும் திரும்பி வந்தது. “உடம்பை அவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துட்டோம்” என்று வைதேகி மேடைகளில் சொல்வார். கை தட்டுவார்கள்.

“தயாரிப்புக் கோளாறா?”

“இல்ல மேடம். நாலு வேற வேற சமயத்துல வந்த நெல்லு.”

“தண்ணி?”

“ஊர்த் தண்ணின்னா எல்லா வயசுப் பொம்பளைக்கும் ஏறணும். அம்பத்தி ரெண்டு வயசு ஆளு ஒருத்தங்க பச்சையா இருக்காங்க.”

“கோழி?” வைதேகி இட்லி டப்பாவைக் கீழே வைத்தார். “பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்கன்னு என் மாமியார் நாப்பது வருஷமாச் சொல்றாங்க. அவங்க ஜெயிச்சுட்டா நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது.”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “மேடம், கட்டியா இருக்குமா? பதினோரு பேருக்கும்?”

“ஒரே நாள்லயா?”

“நெல்லு அப்படித்தான் நினைக்குது.”

நெல் நினைத்தால் அதற்கு ஒரு கெடு உண்டு. சிவந்த நேரத்திலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரம். அதற்குள் மையத்துக்கு வந்து ஸ்கேன் எடுத்து, உடம்பில் கட்டி இல்லை என்று பதிவாக வேண்டும். இல்லையென்றால் நெல் தன்னிடம் இருக்கும் மருந்து முழுவதையும் கொட்டிவிடும். கருமுட்டைப் பை அன்றோடு சரி. மறுபடி திறக்காது. இருபத்தெட்டு வயதானாலும் சரி, நாற்பத்தேழானாலும் சரி.

“அந்தக் கெடுவை நீட்ட முடியாதா மேடம்?”

“முடியாதபடி நான்தான் எழுதினேன். முன்னாடி நடந்த ஆய்வுல ஒரு பொண்ணு. நாத்தனார் கல்யாணம் முடியட்டும்னு நாலு தடவை நாள் கேட்டாங்க. நானும் நாலு தடவை கொடுத்தேன்.” வைதேகி திரையைப் பார்த்தபடியே சொன்னார். “அதுக்கப்புறம் மனுஷங்க யாரும் கை வைக்க முடியாதுன்னு எழுதிட்டேன். என் கையையும் சேர்த்துத்தான். நீ ஃபோன் போடு. இன்னைக்கே கிளம்பி வரச் சொல்லு.”

ஜெசிந்தா பதினொரு பேரையும் கூப்பிட்டாள். நான்கு பேர் எடுக்கவில்லை. எடுத்த ஏழு பேரும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

“வெள்ளிக்கெழம வர்றேன் சிஸ்டர்.”

“வெள்ளி வரைக்கும் முடியாதுக்கா. வியாழக்கிழமை காலையிலேயே கெடு முடியுது.”

“காப்புக் கட்டியாச்சே சிஸ்டர்.” பேசியது மாரீஸ்வரி. நாற்பத்தேழு வயது. காலண்டர் பைண்டிங் வேலை. சேந்தன்பட்டியில் முதல் நெல் அவள் கையில்தான் ஏறியது.

“காப்புன்னா?”

“ஆத்தி, அதுகூடத் தெரியாதா? நீங்க எந்த ஊரு?”

“தூத்துக்குடி. கடற்கரைத் தெரு. நாங்க மாதா கோயில்.”

“அதானே. கையில மஞ்சக் கயிறு கட்டிட்டா ஊர் எல்லையத் தாண்டக் கூடாது சிஸ்டர். வியாழக்கெழம சாயங்காலம் பூக்குழி எறங்குறோம். வெள்ளிக்கெழம காலையில கயித்த அவுத்துட்டு மொத பஸ்ஸுல வந்துருவோம். எங்களுக்காக ஸ்கேன் ரூமைக் கொஞ்சம் தொறந்து வையுங்க.”

பதினொன்று நாற்பதுக்குப் பன்னிரண்டாவது பெயர் சிவந்தது. தாரணி. முப்பத்தொரு வயது, பள்ளிக்கூட ஆசிரியை. அவளும் சேந்தன்பட்டி. அவள் எண்ணுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜெசிந்தா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “நான் போறேன் மேடம். அவங்க எல்லையத் தாண்டக் கூடாது. எனக்கென்ன, நான் தாண்டலாம்ல?”

ஓட்டுநரில்லாப் பஸ் சேந்தன்பட்டி விலக்கோடு நின்றுவிட்டது. திருவிழாத் தெருவுக்குள் போக அதற்கு அனுமதி இல்லை. ஜெசிந்தா ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடந்தாள். ஊர் முழுக்க வேப்பிலைத் தோரணம். எங்கே பார்த்தாலும் மஞ்சள் புடவை, ஈரத் தலை. கொட்டுச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அடித்தது. இந்த ஊரில் பன்னிரண்டு பேரின் உடம்புக்குள் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, அது என்னவென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்து அவளை வேகமாக நடக்கவைத்தது. அதை ஆசை என்றுகூடச் சொல்லலாம்.

மாரீஸ்வரி தன் வீட்டு முற்றத்தில் எல்லாரையும் கூட்டியிருந்தாள். தாரணி மட்டும் வரவில்லை.

“என்ன சாப்பிடுறீங்க?” என்று ஜெசிந்தா ஆரம்பித்தாள்.

“வெரதம் சிஸ்டர். ஒரு வேளை பச்சரிசிச் சோறு. மத்த நேரம் மோரு.”

“கோழி?”

பதினொரு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “காப்புக் கட்டுன வீட்டுல வந்து கோழியான்னு கேக்குறீங்களே!”

“தண்ணி?”

“கேன் தண்ணி. தெருவே அதத்தான் குடிக்குது.”

“புதுசா எண்ணெய், சோப்பு, சாயம்?”

“மஞ்சத்தூள். எங்க பாட்டி பூசுன அதே மஞ்சத்தூள்.”

ஜெசிந்தாவுக்கு நா வறண்டது. முற்றத்து மூலையில் தண்ணீர்க் குடம் இருந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் துணி கட்டிய அக்கினிச்சட்டி. அவள் குடத்தை நோக்கிப் போனாள். மாரீஸ்வரி குறுக்கே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. சுத்தமாத்தானே இருக்கீங்க?”

ஜெசிந்தாவுக்குப் புரிய ஒரு வினாடி ஆனது. “இல்லக்கா. ரெண்டாம் நாளு.”

பதினொரு பேரும் ஓரடி பின்னால் போனார்கள். ஒருத்தி அக்கினிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். இன்னொருத்தி அலுத்துக்கொண்டாள். “வர்றேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஒங்களுக்கும் மாத்திர வாங்கி வச்சிருப்போம்ல?”

“எந்த மாத்திரை?”

“தள்ளிப் போடுறதுதான்.”

ஜெசிந்தா அப்படியே நின்றாள். கொட்டுச் சத்தம் நின்றதுபோல் இருந்தது. நிற்கவில்லை.

“யார் யாரு சாப்பிடுறீங்க?”

“எல்லாரும்தான். பூக்குழிக்குக் காப்புக் கட்டிட்டு நடுவுல தூரமானா என்ன செய்ய? காப்புக் கட்டுன அன்னைக்கே ஆரம்பிச்சுருவோம். தெனம் மூணு. மெடிக்கல்ல அண்ணாச்சி திருவிழான்னா பெட்டி பெட்டியா எறக்கிருவாரு.”

“காப்பு என்னைக்குக் கட்டுனீங்க?”

“போன வியாழக்கெழம. இன்னைக்கு ஆறாம் நாளு.”

ஜெசிந்தா சத்தமாகச் சிரித்துவிட்டாள். பிறகு முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கட்டி இல்லை. பதினொரு பேருக்கும் கட்டி இல்லை. மாத்திரை.

“சிஸ்டருக்குத் தல சுத்துதா? மோரு கொண்டா.”

“அக்கா, அந்த மாத்திரையும் ஹார்மோன்தான். நெல்லுக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. ஒங்க புத்துல இருந்துச்சே, அதே மாதிரிப் பூட்டு. சாவி வந்து திறந்தா, திறந்துச்சுன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும். சாவி ஒங்க உடம்பு செஞ்சதா, அண்ணாச்சி கடையில வாங்குனதான்னு அதுக்குத் தெரியாது.”

“அப்ப அதுக்கிட்டச் சொல்லிருங்க.”

“அது யார் சொன்னாலும் கேக்காது.”

“எங்க வீட்டுக்காரர் மாதிரி” என்றாள் ஒருத்தி.

ஜெசிந்தா எழுந்தாள். “இது அந்தச் சம்மதப் படிவம் நாப்பது பக்கத்துல எழுதியிருந்துச்சே. வேற ஹார்மோன் மாத்திரை தொடவே கூடாதுன்னு. கையெழுத்துப் போட்டீங்கல்ல?”

“போட்டோம். யாரு படிச்சா? தாரணி டீச்சர் மட்டும் ராப்பகலா உக்காந்து படிச்சா. நாங்க அவகிட்டக் கேட்டுக்கலாம்னு விட்டுட்டோம்.” மாரீஸ்வரி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “ஒண்ணு சொல்லவா சிஸ்டர்? பழைய மாத்திர தின்ன நாலு வருசமும் எனக்குத் தூரமே வரல. வெரல மடக்க முடியாது. ஒரு நாளைக்கு நூறு காலண்டர் கோக்குற கை, முப்பதுல நின்னுரும். ஆனா எந்த நாளும் கோயிலுக்குள்ள போனேன். எவளும் என்னைய ஒதுங்கி நில்லுன்னு சொல்லல. நீங்க நெல்லு வச்சீங்க. வெரலு மடங்குச்சு. கும்புட்டேன். அடுத்த மாசமே மாமியா வந்து கேக்குறா, இன்னைக்கு எத்தனாவது நாளுன்னு.”

மையத்தின் எண்ணில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதால் ஜெசிந்தா தன் சொந்த ஃபோனிலிருந்து வைதேகியின் சொந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

வைதேகி முதலில் ஒரு கூச்சல் போட்டார். “கட்டி இல்ல! ஜெசிந்தா, கட்டி இல்ல!” அந்தப் பக்கம் எதையோ தட்டிவிட்ட சத்தம் கேட்டது. பிறகு, “இதை எழுதிட்டியா?”

“இன்னும் இல்ல மேடம்.”

“எழுதாதே. சிவப்பு நிக்க மூணு வழிதான். ஸ்கேன் சுத்தம்னு பதிவாகணும். இல்ல, கோடு தானா இறங்கணும்.”

“இப்பவே மாத்திரையை நிறுத்தினா?”

“முழுசா இறங்க மூணு நாள் ஆகும். நமக்கு ரெண்டு நாள்கூட இல்ல. மூணாவது வழி, வெளி மருந்து சாப்பிட்டாங்கன்னு எழுதுறது. எழுதின நிமிஷமே நெல் உறங்கிடும். அப்புறம் வெட்டி எடுத்துடுவாங்க. திரும்ப வைக்கவே மாட்டாங்க. பதினோரு பேரும் பழைய மாத்திரைக்குப் போகணும்.”

ஜெசிந்தா மாரீஸ்வரியின் விரல்களைப் பார்த்தாள். அவை மோர் டம்ளரைச் சுற்றி மடங்கியிருந்தன.

“எல்லாம் திருப்பிக் கொடுத்துட்டோம்னு மேடை மேடையாப் பேசினேன்” என்றார் வைதேகி. “கூடவே இதையும் கொடுத்திருக்கேன். எனக்குத் தோணவே இல்லையே.”

“மேடம், ஸ்கேன் வண்டி எங்க இருக்கு?”

“தேனியில. முகாம்.”

“அவங்க எல்லை தாண்டக் கூடாது. வண்டி தாண்டலாம்.”



“ஜெசிந்தா, நீ எனக்கு முன்னாடியே பொறந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு வைதேகி ஃபோனை வைத்தார்.

புதன்கிழமை மதியம் வண்டி வந்தது. ஊர் வாசலில் மின்விளக்கு அலங்கார வளைவு. வண்டி அதைவிட ஒரு முழம் உயரம். நாலைந்து இளவட்டங்கள் மூங்கில் கொடுத்து வளைவைத் தூக்கிப் பிடித்தார்கள். வண்டி ஆமைபோல் நுழைந்தது. மேலே ஒரு பல்பு வரிசை உரசித் தெறித்தது. கூட்டம் கை தட்டியது. விழாக் கமிட்டித் தலைவர் துண்டை உதறிக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்.

“நிறுத்துங்க. காப்புக் கட்டுனவுக வண்டி ஏறலாமா? பயணம் ஆகாதா?”

“சக்கரம் சுத்துனாத்தான மாமா வண்டி?” என்றாள் மாரீஸ்வரி. “சுத்தலைன்னா அது வீடு.”

“வீட்டுக்கு எதுக்குச் சக்கரம்?”

“ஒங்க வீட்டுல கிரைண்டரு இருக்கே, அதுக்கும் கீழ சக்கரம் இருக்கு. அத்தை என்ன ஊர் ஊராவா தள்ளிக்கிட்டுப் போறாக?”

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. ஓட்டுநர் இறங்கி, வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தார். தலைவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்வாராம்.

ஒரு ஆளுக்கு நாற்பது நிமிடம். ஊசி போட்டு, காத்திருந்து, படுக்கவைத்துப் படம் எடுக்க வேண்டும். ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி கட்டாயம். வண்டியில் இருந்த தொழில்நுட்பப் பெண் அதைக் காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“நாள் தள்ளிப் போயிருக்கா?”

“தள்ளித்தானம்மா வச்சிருக்கோம்!”

வெளியே வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆளுக்கு ஆள் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. தொழில்நுட்பப் பெண் ஒவ்வொருத்திக்கும் சிறுநீர்ச் சோதனை செய்துவிட்டு ஊசியைப் போட்டாள்.

மாத்திரையை எல்லாரும் செவ்வாய் மாலையே நிறுத்திவிட்டார்கள். ஜெசிந்தா கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாள். நிறுத்தினாலும் மாதவிலக்கு வராமல் இரண்டு, மூன்று நாள் தாங்கும். வியாழன் சாயங்காலம் பூக்குழி முடிந்துவிடும்.

“நடுவுல வந்துட்டா?” என்று மாரீஸ்வரி கேட்டாள்.

“வந்தா எங்கூட வந்து நில்லுங்க. ஒதுங்கி நிக்கிற எடத்துல நான் தனியாத்தான் நிக்கிறேன். பேச்சுத் துணைக்கு ஆச்சு.”

மாரீஸ்வரி அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள். அன்று சாயங்காலம் ஜெசிந்தாவுக்குத் தண்ணீரைத் தன் கையால் மொண்டு கொடுத்தாள்.

புதன்கிழமை ஆறு பேர். வியாழக்கிழமை விடியும் முன்பே தொடங்கி ஐந்து பேர். ஒவ்வொரு பெயரும் பச்சையாகும்போது ஜெசிந்தாவின் கையிலிருந்த திரை ஒரு தடவை அதிரும். எட்டு இருபத்தைந்துக்குப் பதினோராவது அதிர்ந்தது. கெடுவுக்கு இன்னும் ஐம்பத்திரண்டு நிமிடம் இருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கமிட்டித் தலைவர் எதற்கென்று தெரியாமலேயே எழுந்து நின்று கும்பிட்டார்.

ஸ்கேன் படிவத்தில் ‘கட்டி உண்டா, இல்லையா’ என்று ஒரு கேள்விதான் இருந்தது. கோடு ஏன் ஏறியது என்று அது கேட்கவில்லை. ஜெசிந்தா பதினொரு முறை ‘இல்லை’ என்று குறித்தாள். பொய் எதுவும் எழுதவில்லை.

மிச்சம் ஒருத்தி. பதினொன்று நாற்பதுக்குக் கெடு. தாரணி இரண்டு நாளும் வரவில்லை. ஆள் அனுப்பினால் ‘வர்றேன்’ என்று பதில் வந்தது.

ஜெசிந்தா திரையில் தாரணியின் கோட்டைத் திறந்தாள். மற்ற பதினொன்றும் ஒரே நாளில் ஏறிப் படுத்தவை. இது மூன்று வாரமாக மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நேற்றும் ஏறியது. இன்று காலையும். அது எங்கேயும் படுக்கவே இல்லை.

இது மாத்திரை இல்லை. அவள் தாரணியின் வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டில் தாரணி மட்டும் இருந்தாள். மாமியார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தார். கணவன் திருப்பூரில் வேலை, சாயங்காலம்தான் வருவான். தாரணி மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். மணிக்கட்டில் காப்பு.

“ஒங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன் சிஸ்டர். உக்காருங்க.”

“டீச்சர், நீங்க மாத்திரை போடல.”

தாரணி அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். பத்து மாத்திரையும் அப்படியே இருந்தன. “அத்தை வாங்கிக் கொடுத்தாங்க. அவங்க முன்னாடி வாயில போட்டதை மட்டும் துப்பிட்டேன். இது ரெண்டாவது அட்டை.”

“எத்தனை நாளா?”

“சந்தேகம் மூணு வாரமா. காப்புக் கட்டுறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம விருதுநகர் போயி, யாருக்கும் தெரியாம டெஸ்ட் பண்ற குச்சி வாங்கிட்டு வந்தேன்.” அதைச் சொல்லும்போது தாரணியின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் அதை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. “சிஸ்டர், ரெண்டு கோடு. நாலு குச்சியிலயும் ரெண்டு கோடு.”

ஜெசிந்தாவும் சிரித்துவிட்டாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் ஒரு நிமிடம் சிரித்தார்கள். பிறகு ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது இருபது.

“பிள்ளை பெத்துக்க மையத்துல அனுமதி வாங்கலையே டீச்சர்.”

“ரெண்டு தடவை கேட்டேன். நெல்லு வச்சு ரெண்டு வருசம் முடியணும்னாங்க. எனக்கு ஒரு வருசம் நாலு மாசம்தான் ஆகுது. கவனமாத்தான் இருந்தோம். எப்படியோ ஆயிருச்சு.”

“ஸ்கேன் எடுக்க முடியாது. அந்த ஊசி வயித்துப் பிள்ளைக்கு ஆகாது.”

“தெரியும். அதான் வரல.”

“எடுக்கலைன்னா பதினொன்னு நாப்பதுக்கு நெல் கொட்டிரும்.”

“கொட்டுனா இது தங்காது. இனிமே எதுவுமே தங்காது.”

“நான் மேடத்துக்கிட்ட உண்மையைச் சொல்றேன். கர்ப்பம்னு பதிவு பண்ணுவாங்க.”

“பண்ணுனா முடிவெடுக்க மையத்துக் குழு கூடும். முப்பத்தொண்ணாம் பக்கம். குழு கூட பத்து நாள். நெல்லு பத்து நாள் காத்திருக்காது.” தாரணி ஒவ்வொரு சொல்லையும் கரும்பலகையில் எழுதுவதுபோல் நிதானமாகச் சொன்னாள். “முப்பத்தி நாலாம் பக்கத்துல ஒரு வரி இருக்கு சிஸ்டர். வெளி மருந்து எடுத்தவங்க. எழுதுன நிமிசமே நெல்லு உறங்கிடும்.”

ஜெசிந்தா எழுந்து வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

“அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு படிச்சீங்களா? வெட்டி எடுத்துருவாங்க. திரும்ப வைக்க மாட்டாங்க. பிள்ளை பொறக்குற வரைக்கும் பழைய மாத்திரையும் கிடையாது. ஒங்களைக் காக்க ஒண்ணுமே இருக்காது. ஹார்மோன் மாசாமாசம் ஏறிக்கிட்டே போகும் டீச்சர். ஒங்க புத்து அதைத் தின்னுதான் வளந்துச்சு.”

“எங்கூட ஆசுபத்திரியில பக்கத்துப் படுக்கையில கெடந்தவ மாத்திர ஒரு நாள் விடாமத் தின்னா. செத்துட்டா. இன்னொருத்தி பாதியில விட்டுட்டா. போன மாசம் பேரன் பேர்வைப்புக்கு என்னையக் கூப்பிட்டா.” தாரணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “பயமில்லைன்னு சொல்லல. மூணு நாளாத் தூங்கல. ஆனா பயத்துக்கு நடுவுல எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்து சிரிக்கிறேன். இப்படி ஒண்ணு எனக்கு வந்ததே இல்ல.”

“ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“சாயங்காலம் சொல்லணும். சொல்றதுக்கு ஏதாவது மிச்சம் இருந்தா.”

ஜெசிந்தா வைதேகியின் சொந்த எண்ணைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். பத்து மணி. மையத்தின் எண்ணைக் கூப்பிட்டாள். மேடம் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பதினொரு பேர் ஒரே நாளில் சிவந்தது மேலிடம் வரை போயிருந்தது. விளக்கம் கேட்கிறார்களாம்.

தாரணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை. தெருவில் பூக்குழிக்கு விறகு ஏற்றிய டிராக்டர் போனது. பிள்ளைகள் கூவிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

மாத்திரை தின்ற பதினொரு பேர் தின்றதாக எங்கும் எழுதப்படவில்லை. தின்னாத ஒருத்தி தின்றதாக எழுதச் சொல்கிறாள். இதுவரை தான் ஒரு பொய்யும் எழுதவில்லை என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். அந்த வரியை எழுதினால் ஒரு குழந்தை பிழைக்கலாம். அதே வரியால் இந்தப் பெண் சாகலாம். எழுதாமல் விட்டால் இவள் பிழைக்கலாம், நாளைக்கு இதே சிரிப்போடு இருக்க மாட்டாள்.

பதினொன்று இருபதுக்கு ஃபோன் அடித்தது. மையத்தின் எண். எடுத்ததும் அந்த இயந்திரக் குரல் வந்தது: ‘இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது.’ அப்புறம் வைதேகி. குரல் இறுகியிருந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள் என்று மூச்சிலேயே தெரிந்தது.

“ஜெசிந்தா, பன்னிரண்டாவது பெயர் இன்னும் சிவப்பா இருக்கு. ஸ்கேன் பதிவு வரல.”

“ஸ்கேன் எடுக்கல மேடம்.”

“ஏன்?”

ஜெசிந்தா தாரணியைப் பார்த்தாள். தாரணி எழுந்து நின்றிருந்தாள். வகுப்பில் தன் பெயரைக் கூப்பிடும்வரை நிற்கும் பிள்ளைபோல், கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

“மேடம், அவங்க...”

“இரு.” வைதேகி குறுக்கிட்டார். பிறகு சொல் சொல்லாக, மெதுவாகக் கேட்டார். “காரணம் எனக்கு வேண்டாம். என் முன்னாடி ஒரே ஒரு கட்டம்தான் காலியா இருக்கு. உன் வாயால வர்றதை அப்படியே ஏத்தப் போறேன். தாரணி வெளி மருந்து சாப்பிட்டாங்களா, இல்லையா?”